கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு அருகே நட்ட மூது முருங்கா ஏன் அடியிலையிலிருந்து மஞ்சளாகி இலை உதிர்க்கிறது? வாளித் தண்ணீரில் ஊறவைத்தும் விதை முளைக்கவில்லையே?

உப்புக் காற்று காரணமல்ல. சிங்களத்தில் மூது முருங்கா, அதாவது கடல் முருங்கை, என்னும் இந்தச் செடி (சொபோரா தொமென்தோசா) நம் கரையோர மணலுக்கே உரியது. கொழும்பில் அதைக் கொல்வது வேரடியில் தேங்கும் மழைநீர்தான்.

உப்புப் பட்டால் கடல் பக்கத்து இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகும். உங்களுடையதில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகின்றன. அது வேருக்குக் காற்றுப் போகாததன் அடையாளம். வளவில் ஒரு முழ ஆழக் குழி வெட்டி ஒரு வாளி நீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வற்றாவிட்டால் கீழே இறுகிய கிறவல்மண் இருக்கக்கூடும். அந்தக் குழியை மணலால் நிரப்பாதீர்கள், அது தொட்டிபோல நீரைப் பிடித்து வைக்கும். தரைக்கு மேலே ஓரடி உயர மேடு போடுங்கள்: ஆற்று மணல் 2 பங்கு, தோட்ட மண் 1 பங்கு, மக்கிய கூட்டெரு அரைப் பங்கு. டிசம்பர் கடைசியில் நட்டால், மே மாதத் தென்மேல் காற்று வருமுன் வேர் பிடித்துவிடும். அதுவரை மழையில்லாத நாட்களில் மூன்று நாளுக்கொரு முறை நீர் போதும்.

விதை கடலில் மிதந்து பரவுவது. உப்புநீரையே உள்ளே விடாத தோல், உங்கள் வாளித் தண்ணீரை மட்டும் விடுமா? ஒவ்வொரு விதையையும் சீமெந்துத் தரையில் ஒரு பக்கம் மட்டும், உள்ளே வெளிர் நிறம் தெரியும்வரை தேயுங்கள். முளை இருக்கும் தழும்புப் பக்கத்தைத் தொடவேண்டாம். ஓர் இரவு ஊறவைத்து, பருத்தவற்றை மட்டும் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் உயரமான பொலித்தீன் பையில் ஊன்றுங்கள். ஆணிவேர் உடைந்தால் செடி தேறாது. ஆகவே சிறியதாக இருக்கும்போதே மாற்றி நடுங்கள். கடற்கரைச் செடியைப் பிடுங்கி வருவதும் இதனால்தான் வீண்.

இந்தச் செடியின் வெள்ளி நிறம் இலையிலுள்ள மென்மயிரின் நிறம், தளிரில்தான் அது மிக அடர்த்தி. மதில் நிழலில் நட்டால் இலை பச்சையாகிவிடும். யூரியாவும் வேண்டாம்: அவரைக் குடும்பச் செடி, நைதரசனைத் தானே தேடிக்கொள்ளும்.

பெயரில் முருங்கை இருப்பதால் காயைக் கறிக்கு எடுத்துவிடாதீர்கள். மணிமாலை போன்ற அந்தக் காய்களின் விதையில் சைற்றிசின் என்ற நஞ்சு உண்டு. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் பூ முடிந்ததும் பூங்கொத்தைப் பிஞ்சோடு வெட்டிவிடுங்கள்.