மூடிப்போன குடும்ப மளிகைக் கடையோட வரலாறை எங்கிருந்து எழுத ஆரம்பிக்கிறது?

கடைய நடத்துனவங்க யாரும் இப்ப இல்ல, கட்டடம் மட்டும் நிக்குது, பத்திரத்துல ஆரம்பிக்கவா பழைய போட்டோவுல ஆரம்பிக்கவானு கேட்டிருக்கீங்க. நான் தரையில ஆரம்பிங்கனு சொல்வேன்.

பழைய கடைக்குள்ள போனா குனிஞ்சு தரையத்தான் முதல்ல பாப்பேன். வருஷக்கணக்கா ஜனங்க ஒரே இடத்துல நின்னு சாமான் வாங்கியிருந்தா அங்க தரை தேஞ்சு பட்டையா தெரியும், அந்தப் பட்டை எங்க முடியுதோ அங்கதான் மேஜை இருந்திருக்கும், அதுக்கு அந்தப்பக்கம் கடைக்காரர் நடந்து நடந்து தேஞ்ச தடம் தனியா இருக்கும். ஏன்னா அப்பல்லாம் நாமளே உள்ள போய் எடுக்குற வழக்கம் இல்ல, சீட்டக் கொடுத்தா அவர்தான் எடுத்து எடை போட்டுக் கட்டித் தருவார். 1916ல அமெரிக்காவுல மெம்பிஸ் ஊர்ல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்ங்கிறவர் பிக்லி விக்லினு ஒரு கடை திறந்து, வர்றவங்க கையில கூடையக் கொடுத்து நீங்களே எடுத்துக்குங்கன்னார், மறுவருஷமே அந்தக் கடை அமைப்புக்கு பேட்டன்ட்டும் வாங்கிட்டார். 1937ல ஓக்லஹோமா சிட்டியில சில்வன் கோல்ட்மேன்ங்கிறவர் கடைக்குள்ளயே சாமான் போட்டுத் தள்ளிட்டுப் போற வண்டியக் கொண்டு வந்தார். வண்டி போகணும்னா வழி அகலமா வேணுமே, அதனால சில கடைங்க நடுச்சுவர இடிச்சு பின்னாடி குடோனையும் கடையோட சேத்துக்கிட்டாங்க, சில கடைங்க அதே மேஜையோட கடைசி வரைக்கும் ஓடுச்சு. உங்க கட்டடத்துல எது நடந்துச்சுனு சுவர்ல ஒட்டுப்போட்ட பூச்சு, அலமாரி அடிச்ச ஆணி ஓட்டை இதெல்லாம் காட்டிக்கொடுத்துடும்.

அடுத்து மாடி. கீழ கடை, மேல வீடுனு இருந்தா படிக்கட்டு எங்க இறங்குதுனு பாருங்க. கடைக்குள்ளயே இறங்குச்சுன்னா அந்த வீட்டுப் பொம்பளைங்களும் பிள்ளைங்களும் சம்பளம் இல்லாம கடையில உழைச்சிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், இத எந்தப் பத்திரமும் சொல்லாது, தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

பத்திரத்துல எனக்கு முக்கியமாப் படுறது ஒண்ணுதான், கட்டடம் எந்த வருஷம் சொந்தமாச்சுங்கிறது. மூணு தலைமுறை தாங்குன கடைனா எல்லாரும் நாணயம், கைராசினு சொல்வாங்க, ஆனா வியாபாரம் படுத்த வருஷங்கள்ல வாடகை கட்ட வேண்டியதில்லைங்கிறதே பல கடையக் காப்பாத்தியிருக்கும்னு நான் நம்புறேன்.

கடன் நோட்டு ஏதாவது கிடைச்சுச்சுன்னா பொக்கிஷம். யாருக்கு எவ்வளவு நாள் பொறுத்தாங்க, எந்தப் பக்கத்துல அப்பா கையெழுத்து நின்னு மகன் கையெழுத்து ஆரம்பிக்குதுனு அதுலதான் தெரியும். எடைக்குப் போட்டுடாதீங்க, மை மங்குறதுக்குள்ள பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வச்சுக்கங்க.