அலமாரி செய்யக் கற்க எந்தப் புத்தகம்?

கேள்வி: விடுமுறை நாட்களில் மரவேலை பழகுகிறேன். உளி, இழைப்புளி பிடிக்க வரும். அலமாரி செய்யக் கற்க எந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம்? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: பளபளப்பான படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதலில் டிராயர் பகுதியைப் புரட்டுங்கள். வெளி அகலம் 600 மி.மீ., பக்கப் பலகை 18 மி.மீ. என்றால் உள் அகலம் 564. டிராயர் வழுக்கி ஓடும் உலோகத் தடமான பால் பேரிங் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் 12.7 போனால் டிராயர் பெட்டி சுமார் 538. இந்தக் கழித்தலைச் சொல்லித்தராத புத்தகம் வேண்டாம். பெட்டி 2 மி.மீ. பெருத்தாலே இழுக்க இறுகும்.

அடுத்து, கதவுச் சட்டம். நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளமான காடிக்குள் பசையில்லாமல், இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்கிறதா? மழைக்காலத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். ஒட்டிவிட்டால் சட்டம் பிளக்கும், அல்லது கோடையில் பலகை வெடிக்கும்.

அமெரிக்கப் புத்தகங்களில் பிளைவுட் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ. அதே அளவில் காடி எடுத்தால் நம் 18 மி.மீ. பலகை லொடலொடக்கும். பலகையை வாங்கி, வெர்னியர் அளவுகோலில் அளந்த பிறகே காடி போடுங்கள்.

பில் ஹில்டனின் ‘இல்லஸ்ட்ரேட்டட் கேபினட்மேக்கிங்’ அமைப்பைப் பிரித்துக் காட்டும் படங்களுக்கு அருமை. ஆனால் கருவி பிடிக்க அது கற்றுத்தராது. உங்களுக்கு அது ஏற்கெனவே வருவதால் குறையில்லை.