ரெண்டு உலை வேண்டாங்க

ஐந்து வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரையோடு சீலியாக்கும் (கோதுமை பட்டாலே குடல் புண்ணாகும் நோய்) இருக்கிறது, இனி தினமும் இரண்டு சமையலா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. என் பையனுக்கும் இதே இரண்டும்தான். நம் கொங்குச் சமையலில் கோதுமை எங்கே இருக்கிறது? அரிசிம்பருப்பு, சந்தகை, கம்மஞ்சோறு, பச்சைப்பயறு கடைசல் என்று எல்லாரும் ஒரே சட்டியில் சாப்பிடலாம்.

எங்களைக் கவிழ்த்தது பெருங்காயம். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா உண்டு. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். அடுத்தது மாவு மில். நீங்கள் ராகியை எவ்வளவு சுத்தம் செய்து கொண்டுபோனாலும், முன்னால் அரைத்தவர் கோதுமை போட்டிருந்தால் போச்சு. வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சப்பாத்தி சுடும் கல்லில் அவளுக்குத் தோசை வேண்டாம்.

கோதுமை இல்லாததால் சர்க்கரை ஏறாது என்றில்லை. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், கரண்டிக் கணக்கு நம்மை ஏமாற்றும். அப்புறம், குடல் ஆற ஆறச் சாப்பாடு நன்றாக உடம்பில் சேரும், இன்சுலின் தேவையும் கூடலாம். அந்த மாதங்களில் அளவை டாக்டரிடம் அடிக்கடி கேளுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) முதலில் எடுப்பது பிஸ்கட்தான். டாக்டர் சொன்ன அளவில் குளுக்கோஸைப் பொட்டலம் கட்டி, அவர் முந்தானையிலேயே முடிந்துவிடுங்கள்.