முகாமில் வந்த கண்ணீர் பொய்யா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்களுடையது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். எனக்கு 20 வயது. கல்லூரியில் இறுதியாண்டு படிக்கப் போகிறேன். மே மாதம் எங்கள் சபை வாலிபர்களோடு கொடைக்கானலில் நடந்த முகாமுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் எங்களை ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். கை நடுங்கும் ஒரு பெரியவருக்குச் சாதம் ஊட்டினேன். அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தபோது அழுதுவிட்டேன். கடைசி இரவு தீமூட்டிச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தபோது, என் வாழ்க்கையை ஏழைகளுக்கும் ஊழியத்துக்கும் கொடுக்கிறேன் என்று அர்ப்பணிப்பு அட்டையில் கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்றே வாரத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. ஜெபிக்க உட்கார்ந்தால் மனம் வறண்டு கிடக்கிறது. முகாம் நண்பர்களோ வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு தாண்டியும் வசனம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தாத்தா இரண்டு ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். வலது கையும் காலும் விளங்காது, பேச்சும் வராது. ஒரு காலத்தில் கோயில் பாடகர் குழுவில் முன்னால் நின்று பாடியவர். அவரை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்கள். முதியோர் இல்லத்தில் நான் ஊட்டிவிடும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். அதைப் பார்த்த அம்மா, “இந்தக் கை நம் வீட்டில் ஒரு நாளும் கரண்டியைத் தொட்டதில்லையே” என்று மட்டும் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. தாத்தாவின் அறைக்குள் போனால் வாடை குமட்டுகிறது. அப்படிக் குமட்டுகிறதே என்பது அதைவிடப் பெரிய வேதனையாக இருக்கிறது. முகாமில் நான் அழுதது நடிப்பா? என் விசுவாசமே பொய்யா? படிப்பை நிறுத்திவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால் அந்த அனல் திரும்ப வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புத் தம்பிக்கு,

நீங்கள் அழுதது நடிப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடித்திருந்தால் அம்மா சொன்ன ஒரு வார்த்தை உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்காது.

பல ஆண்டுகள் முகாம்களில் பெண்பிள்ளைகளின் குழுவை நடத்தியவள் நான். கடைசி இரவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஒழுங்காகத் தூங்கி மூன்று நாளாகியிருக்கும். அதிகாலை ஜெபம், வேதபாடம், விளையாட்டு, இரவுக் கூட்டம், அது முடிந்து அறையில் விடிய விடியப் பேச்சு. செல்போன் கையில் இருக்காது. மலைக்குளிர் வேறு. கிதார் மெல்ல ஒலிக்கும்போது பக்கத்தில் ஒருத்தி விம்முவாள், அதைக் கேட்டு அடுத்தவள் விம்முவாள். உடம்பு அப்படிக் களைத்து இளகியிருக்கிற நேரத்தில் மனமும் திறந்துகொள்கிறது. இப்படிச் சொல்வதால் ஆவியானவரின் கிரியையைக் களைப்பின் கணக்கில் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். திறந்த மனத்துக்குள் வந்தது உண்மையானதுதான். ஆனால் ஊருக்குத் திரும்பி வெயிலிலும் பஸ் நெரிசலிலும் கல்லூரிக் கட்டணக் கவலையிலும் அலைகிற அதே உடம்பு, மலையில் காட்டிய அனலை இங்கேயும் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் கொடுமை.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 18, 19 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கிறார். உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று தேவன் அவரைக் கேட்கவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி படுத்துக்கொண்டார், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதற்குத் தூதன் சொன்ன காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.”

ஆகவே முதல் வேலையாக, இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவை நள்ளிரவில் திறக்காதீர்கள். வசனம் போடுகிற எல்லாரும் அனலாக இருக்கிறார்கள் என்று எண்ணித்தான் பாதி வேதனை. “எனக்கு ஜெபம் வரவில்லை, எனக்காக ஜெபியுங்கள்” என்று பகலில் ஒருமுறை நீங்கள் எழுதிப் பாருங்கள். எனக்கும் அப்படித்தான் என்று தனியாகப் பதில் அனுப்புகிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடுதான் நீங்கள் பேச வேண்டும்.

இனி தாத்தாவின் அறைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த அறைதான்.

இல்லத்தில் நீங்கள் பார்த்த பெரியவரை அன்று காலையிலேயே யாரோ குளிப்பாட்டியிருப்பார்கள். நனைந்த வேட்டியை மாற்றி, தரையைத் துடைத்து, சோற்றைக் குழைத்துத் தட்டில் போட்டு உங்கள் கையில் தந்தார்கள். நாளின் மிகச் சுத்தமான அரைமணி நேரம் உங்களுக்குக் கிடைத்தது, ஆசீர்வாதமும் கிடைத்தது. உங்கள் வீட்டில் அந்த அரைமணி நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வேலை முழுவதும் அம்மாவுடையது. அவர்களுக்குக் கிடைப்பது ஈரத்துணி. “கரண்டியைத் தொட்டதில்லையே” என்பதை நீங்கள் பழியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் இரண்டு ஆண்டுக் களைப்பு கேட்கிறது.

குமட்டுவது பாவமல்ல. மூக்குக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் வார்டில் வேலை பார்த்த நர்ஸ்களுக்கும் சில நாள் குமட்டும். முன்பின் அறியாத பெரியவரிடம் வராத குமட்டல் சொந்தத் தாத்தாவிடம் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அந்தப் பெரியவர் நின்று நடந்த காலத்தை நீங்கள் பார்த்ததில்லை. தாத்தா பாடி நின்றதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மனிதரை இந்தக் கோலத்தில் காண மனம் ஒப்பவில்லை. அந்தத் துக்கமும் அருவருப்பின் உருவில் வெளிவரலாம் என்று நினைக்கிறேன். எப்படியானாலும், வாடையைக் குறைக்க வழி இருக்கிறது. ரப்பர் விரிப்பின்மேல் பருத்தித் துணி போட்டு, நனைந்த உடனே மாற்ற வேண்டும். உடம்பைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தபின் மடிப்புகளில் ஈரமில்லாமல் ஒற்றியெடுக்க வேண்டும். பகலில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் அனல் தேவையில்லை.

அம்மாவிடம் “உதவட்டுமா” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் உங்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழும். “நாளையிலிருந்து தாத்தாவைக் காலையில் துடைத்து, சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் நான் கல்லூரிக்குப் போவேன், இரவுச் சாப்பாடும் என் பொறுப்பு” என்று நேரத்தோடு சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் செய்யுங்கள். வீட்டில் நோயாளியைப் பார்ப்பது பெண்கள் வேலை என்று நம் சபைக் குடும்பங்களிலும் ஊறிப்போயிருக்கிறது. ஆண்பிள்ளைகள் முகாமில் ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தட்டின்முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஊட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. என் மாமனாரைப் பார்த்துக்கொண்ட நாட்களில் ஒரு பிசியோதெரபி சகோதரி சொல்லிக்கொடுத்தது இது. படுத்திருக்கும்போது ஊட்டவே கூடாது. முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர உட்காரவைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், புரையேறும். ஆகவே ஸ்டூலில் எதிரே உட்காருங்கள். சிறிய கரண்டியில் பாதியளவு எடுத்து, வலது பக்கம் விளங்காதவர் என்பதால் வாயின் இடது பக்கம் வையுங்கள். தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. வலது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கி நிற்கும், அவருக்கு அது தெரியாது. முடிந்ததும் வாயைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். அரைமணி நேரமாவது சாய்க்காமல் வைத்திருங்கள். சாப்பிடும்போது அடிக்கடி இருமினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்போது இடுப்பின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். கல்லூரி இல்லாத நாட்களுக்கு முந்திய இரவில் அந்தப் புரட்டும் முறையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அம்மா வாரத்தில் ஓரிரவாவது விடியும்வரை தூங்குவார்கள்.

எதைச் செய்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பேச்சு வராதவருக்குக் கேட்காது, புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பேரனிடம் உடம்பைக் காட்ட அவருக்கும் கூச்சம் இருக்கும்.

உங்கள் ஜெபத்துக்கும் அந்த அறையிலேயே ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறேன். பேச்சைப் பெரும்பாலும் மூளையின் இடப்பாதி நடத்துகிறது. அந்தப் பாதி பாதிக்கப்பட்டால்தான் வலது கை கால் விழுவதோடு பேச்சும் போகிறது. இசைக்கு வலப்பாதியின் துணையும் உண்டு. அதனால் ஒரு சொல் பேச முடியாத சிலர் பழகிய பாட்டின் வரிகளைப் பாடிவிடுகிறார்கள். எல்லாருக்கும் இது வராது, வரும் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனாலும் பாடகர் குழுவில் நின்றவர் உங்கள் தாத்தா. மாலையில் பழைய கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து, அவருக்கு மனப்பாடமான ஒன்றை அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுங்கள். உங்களிடம் சொந்த வார்த்தைகள் இல்லாத நாளில் அதுவே ஜெபம். இன்னும் ஒரு வாக்கியம் வேண்டுமானால் மாற்கு 9:24 இருக்கிறது: “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்.” சிறுவயது முதலே நோய்ப்பட்ட மகனைத் தீயிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் இழுத்து இழுத்துக் காப்பாற்றிய ஒரு தகப்பனின் ஜெபம் அது. விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே வாயிலிருந்து வந்தன. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

படிப்பை நிறுத்துவது பற்றி: வேண்டாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அவர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி ஆவதில்லை என்ற முடிவோடு, நோயுற்ற தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியரைக் காப்பாற்றக் கேட்டார்கள். அவருடைய தந்தை டாக்டர், ஆனால் ஆண் டாக்டரை உள்ளே விட அவர்கள் வழக்கம் இடம்கொடுக்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். கதையை நாம் பெரும்பாலும் அந்த இரவோடும் அவருடைய தீர்மானத்தோடும் முடித்துவிடுகிறோம். அதன்பின் அவர் அமெரிக்கா போய் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்தார், 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார், அதற்குப் பிறகே வேலூர் வந்தார். மருத்துவமனை 1902-இல், பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல். பரீட்சைக்குப் படித்த இரவுகளில் அவருக்குத் திண்டிவனத்து அனல் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் அட்டையில் போட்ட கையெழுத்துக்கு இறுதியாண்டுப் படிப்பு தடையல்ல. பட்டம் வாங்குங்கள். அதற்குள் இந்த ஓராண்டு தாத்தாவோடு இருந்து பாருங்கள். பிறகும் அழைப்பு நிலைத்திருக்கிறது என்றால் உங்கள் சபைப் போதகரான சேகரகுருவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசலாம். அனலைத் தேடி ஊழியத்துக்குப் போகிறவர் அனல் தணிகிற முதல் மழையிலேயே ஊர் திரும்பும் பஸ்ஸைப் பார்ப்பார்.

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அந்தப் பெரியவர் வாய் திறந்து சோறு வாங்கும் காட்சியை உங்கள் தொலைபேசியில் உள்ள எல்லாரும் பார்க்க அவர் சம்மதம் கொடுத்தாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முகாம் நடத்துகிற பெரியவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு விண்ணப்பம். இல்லத்துக்குள் போகுமுன் பிள்ளைகளின் செல்போன்களை வாங்கிவையுங்கள். முகாம் முடிந்த பிறகு அவரவர் சபையில் படுக்கையிலிருப்போரின் பட்டியலை வாலிபர் கையில் கொடுத்து, சேகரகுரு வீட்டு நற்கருணைக்குப் போகும்போது இருவர் இருவராக உடன் அனுப்புங்கள்.

கடைசியாக, அம்மாவும் நீங்களும் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையிலிருப்போருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும் வீட்டுக்கு வருகின்றன. உங்கள் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே போய், தாத்தாவின் மருத்துவச் சீட்டுகளைக் காட்டிப் பெயரைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். சிகிச்சையாளர் முதன்முதலில் வருகிற நாளில் வகுப்புக்கு விடுப்பு எடுத்தாவது வீட்டில் இருங்கள். அவர் காட்டும் பயிற்சிகளை அம்மாவோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.