ஓடுகிற பேஸைக் காதால் பிடிப்பது எப்படி?

கேள்வி: ஒன்றரை வருடமாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் வரும் பேஸைக் கேட்டே வாசிக்க ஆசை. மெதுவான இடங்கள் வந்துவிடுகின்றன, ஓடுகிற இடங்களில் எல்லாம் குழம்பிவிடுகிறது. இணையத்தில் கிடைக்கும் டேப்களை (எந்த ஸ்ட்ரிங்கில் எங்கே அழுத்துவது என்று எண்களால் எழுதிய குறிப்புகளை) நம்ப முடியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எதில் கேட்கிறீர்கள்? ஈ ஸ்ட்ரிங்கை ஓப்பனாக, அதாவது எங்கும் அழுத்தாமல், மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கரில் அது வெளியே வருவதே இல்லை. நாம் கேட்பது அதன் மேல் ஹார்மோனிக்ஸ்தான் (அதோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்), அதனால் ஸ்தாயி தப்பிவிடும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், பழைய ஒலிநாடாப் பதிவுகள் சில இன்றைய ட்யூனரோடு ஒத்துப்போகாமல் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கும், அப்படி இருந்தால் பாட்டோடு சேர்த்து சுதி கூட்டுங்கள்.

இனி ஓடுகிற இடம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு இரண்டே இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) மட்டும் எடுத்து வாயால் பாடுங்கள். மிருதங்கம் படிக்கிற பிள்ளைகள் தோலில் கை வைக்கும் முன் சொல்கட்டைச் சொல்லிப் பழகுவார்களே, அதே வேலைதான். "தும், துதும் த தூம்" என்று தாளத்தோடு தடுக்காமல் வர வேண்டும், குரல் அவ்வளவு கீழே போகாது என்பதால் ஒரு ஸ்தாயி மேலே பாடுங்கள். எங்கே வாய் மழுப்புகிறதோ அங்கேதான் காதில் விழவில்லை என்று அர்த்தம், அந்த இடத்தை மட்டும் பாதி வேகத்தில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். சுதியை ஒரு ஸ்தாயி ஏற்றித் தரும் செயலிகளும் இருக்கின்றன, மூடுபனி மாதிரி இருந்த பேஸ் சாதாரண கிட்டாரின் எல்லைக்கு வந்து பளிச்சென்று கேட்கும்.

தபேலா வரும் பாட்டில் கவனம். இடது கை அழுத்தி இழுக்கும்போது வளைந்து வரும் 'கும்' ஒலியான கும்கியும் பேஸின் ஸ்லைடும் ஒரே உயரத்தில் மோதும், ஒன்றை மற்றொன்று என்று எடுத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது.

கார்டை (சேர்ந்து ஒலிக்கும் நோட்களின் கூட்டத்தை) வைத்து ஊகிக்காதீர்கள். ராஜாவின் பேஸ் பல இடங்களில் தனியாக ஒரு மெட்டாகவே நடக்கும், கார்ட் சி மேஜராக இருக்கும்போது பேஸ் ஈ-யிலோ ஜி-யிலோ நிற்கலாம். முதலில் ஒவ்வொரு பாரின் முதல் தட்டில் எந்த நோட் விழுகிறது என்று பிடித்துவிட்டு, பிறகு நடுவில் இருப்பதை நிரப்புங்கள்.

நோட் எல்லாம் கிடைத்தும் வேகத்தில் கை எட்டவில்லையா? பெரும்பாலும் வாசிக்கும் இடம்தான் தப்பு. ஏ ஸ்ட்ரிங் ஓப்பனும் ஈ ஸ்ட்ரிங்கின் 5-ஆம் ஃபிரெட்டும் (கழுத்தில் இருக்கும் கட்டு) ஒரே நோட்தான், ஆனால் ஓப்பன் கணீரென்று நீளும், 5-ஆம் ஃபிரெட் கொஞ்சம் தடித்து ஒலிக்கும். பதிவில் எது கேட்கிறதோ அங்கே கையை மாற்றிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே வழி திறந்துவிடும்.

கடைசியில் பாட்டோடு சேர்த்து வாசித்துப் பதிவு செய்யுங்கள். சரியாக விழுந்த நோட் பாட்டுக்குள் கரைந்துவிடும், ஒரு ஃபிரெட் தள்ளினாலும் தனியாக முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பாரும் முழுசாகக் கரையும்வரை மூன்றாவது பாருக்குப் போக வேண்டாம்.