டெகார்டுக்கு இலத்தீன் எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மெய்யியலையும், அதற்கு முன் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் அரிஸ்டாட்டிலை வைத்து நடந்த ஸ்கொலாஸ்டிக் பாடமரபையும் 28 ஆண்டுகளாகக் கற்பித்துவருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எல்லாவற்றையும் சந்தேகித்துப் புதிதாகத் தொடங்கியவர் பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட். அவரைப் படிக்கப் பாதிரிமாரின் பழைய நூல்கள் எதற்கு ஐயா?

பதில்: புதிதாகத் தொடங்கியதாக அவரே சொல்லிக்கொண்டார், நாமும் நம்பிவிட்டோம். ஆனால் அவர் படித்தது லா ஃபிளெஷில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில். 1641இல் வெளிவந்த ‘தியானங்கள்’ நூலின் மூன்றாம் தியானத்தைத் திறந்து பாருங்கள். கருத்துகளுக்கு ‘ஆப்ஜெக்டிவ்’ மெய்ம்மை உண்டு என்கிறார். இன்றைய அகராதியோடு படித்தால், மனத்துக்கு வெளியே இருப்பது என்று பொருள்கொள்வீர்கள். அது தலைகீழ். வானத்துச் சூரியனுக்கு இருப்பது ‘ஃபார்மல்’ மெய்ம்மை. நினைக்கும்போது என் எண்ணத்தில் நிற்கும் சூரியனின் இருப்புதான் ‘ஆப்ஜெக்டிவ்’. இது ஸ்கொலாஸ்டிக் பாடமரபின் வழக்கு. கடவுள் உண்டென்று அங்கே அவர் தரும் வாதம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. இதை விளக்க மறந்த ஒரு பருவத்தில் பாதி விடைத்தாள்கள் குப்புற விழுந்தன. மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் பழையதை அடியோடு விட்டுவிடவுமில்லை. 1640 செப்டம்பரில் நண்பர் மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில், இயேசு சபையாரின் எதிர்ப்பை எதிர்பார்த்து, 20 ஆண்டுகளாகத் தொடாத அவர்களுடைய மெய்யியலை மறுபடி படிக்க விரும்புவதாகச் சொல்லி, நல்ல பாடநூல்களின் பெயர் கேட்கிறார்.

கேள்வி: இலத்தீன் இல்லாமல் முனைவர் பட்டம் முடியாதா?

பதில்: முடியும். ஆனால் ஸ்பானிய ஸ்கொலாஸ்டிக் மெய்யியலாளர் சுவாரெஸ் 1597இல் வெளியிட்ட ‘மெய்யியல் விவாதங்கள்’ மட்டுமே 54 விவாதங்கள் கொண்டது. மொழிபெயர்ப்பை நம்பி அதில் எவ்வளவு தூரம் போவீர்கள்? பயப்பட வேண்டாம், பண்டைய உரோமைப் பேச்சாளர் சிசரோவின் இலத்தீனைவிட இது எளிது: ஆட்சேபம், பதில், மறுப்பு என்று ஒரே தடத்தில் ஓடும். தொல்லை பழைய அச்சில்தான். உயிரெழுத்தின் மேல் சிறு கோடு கிடந்தால், அடுத்து வரவேண்டிய ‘ம்’ அல்லது ‘ன்’ விழுங்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முதல் மாதம் எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் பிடித்தது.

கேள்வி: வேலை கிடைக்குமா?

பதில்: இதற்கென்றே இடம் ஒதுக்கி விளம்பரம் வருவது அபூர்வம். நவீன மெய்யியல் நடத்த எடுப்பார்கள். தர்க்கமும் அறவியலும் சேர்ந்து தலையில் விழும். நிரந்தரப் பணி கிடைக்கும்வரை நான் ஏழு ஆண்டுகள் தற்காலிக ஊழியனாக இருந்தேன். உதவித்தொகை இல்லாத ஆய்விடத்தை ஏற்காதீர்கள்.

கேள்வி: ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பெரிய மனிதரைப் பிடிக்காதீர்கள், ஒரு சொல்லைப் பிடியுங்கள். பிரெஞ்சு மெய்யியல் வரலாற்றறிஞர் எத்தியேன் கில்சோன் 1913இல் செய்தது அதுதான்: டெகார்டின் சொற்களை அகரவரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஸ்கொலாஸ்டிக் நூல்களின் பகுதிகளைக் கொடுத்தார். அவருக்கு அந்தத் திசையைக் காட்டிய பேராசிரியர் லெவி-ப்ரூல் இடைக்கால மெய்யியலை ஆய்ந்தவர்கூட அல்ல.

கேள்வி: இதில் தமிழுக்கு ஏதாவது இடம் உண்டா?

பதில்: உண்டு. உரோமையில் இதே பாடமரபில் பயின்ற இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, நம் தத்துவ போதகர், 1606இல் மதுரைக்கு வந்தார். ஆன்மாவைப் பற்றி ‘ஆத்தும நிர்ணயம்’ என்று தமிழிலேயே எழுதினார். எந்த இலத்தீன் சொல்லுக்கு எந்தச் சொல்லை வைத்தார் என்று வரிவரியாகப் பார்க்க, இரண்டு மொழியிலும் ஊறிய ஒருவர் வேண்டும். அவருடைய தமிழில் பத்துப் பக்கத்துக்கு மேல் எனக்கு மூச்சு வாங்குகிறது.