ஜாஸ் படிக்க பாஸ்டன் வரும் தம்பிக்கு

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாஸ்டனில் ஜாஸ் கம்போசிஷன் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம். கிடார் வாசிப்பவர், சின்ன வயதிலிருந்தே கர்நாடக சங்கீதமும் கற்றவர். வார இறுதியில் கிளப்புகளில் வாசித்து வாடகையைச் சமாளிக்க முடியுமா, கர்நாடக சங்கீதப் பயிற்சி இங்கே கூடுதல் பலமாக இருக்குமா, அறை, சாப்பாடு, குளிர் எல்லாம் எப்படி என்பது கேள்வி.

அறையும் சாப்பாடும் எப்படியாவது நடந்துவிடும் தம்பி, அதைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். குளிரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: அது உங்களைவிட உங்கள் கிடாரைத்தான் அதிகம் படுத்தும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு மரம் சுருங்கும். டிசம்பர் மாதம் கிடாரின் கழுத்தோரமாக விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் கம்பிகளின் முனை முள்ளாகக் குத்தும். மரம் உள்வாங்கிவிட்டது, கம்பி அதே இடத்தில் நிற்கிறது. அதற்கு அப்புறமும் கவனிக்காமல் விட்டால் பலகையில் விரிசல் விழும். கேஸுக்குள் ஈரப்பதம் காக்கும் பை ஒன்றைப் போட்டு வையுங்கள். அந்தக் கேஸுக்குள் 45 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் நல்லது.

இனி முக்கியமானது. வாடகைக் கணக்கில் கச்சேரி வருமானத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர் பாடம் நடக்கும் மாதங்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். நூலகத்தில் உட்காரலாம், ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் கட்டலாம். அனுமதி இல்லாமல் வெளியே போய்க் காசுக்கு வாசிப்பது சட்டமீறல். "ரொக்கமாகத்தானே கொடுக்கிறார்கள், யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லும் சீனியர் ஒருவர் கட்டாயம் வருவார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சில வருடம் கழித்து வேறு விசாவுக்கு நிற்கும்போது, உங்கள் பெயரும் தேதியும் போட்ட அந்தப் பழைய போஸ்டர் இணையத்தில் அப்படியே இருக்கும். எது வேலை, எது வேலை இல்லை என்பதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அதோடு 21 வயது ஆகாதவரைப் பல கிளப்புகளில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் பிளஸ் டூ முடித்து நேராக வருகிறீர்கள் என்றால் இது பெரிய இழப்பு, ஏனென்றால் பாதிப் படிப்பு அங்கேதான் நடக்கிறது.

படித்து முடித்தபின் ஓ.பி.டி. என்று 12 மாதம் வேலை செய்ய அனுமதி கிடைக்கும். எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு, நம் படிப்புக்குக் கிடையாது. இந்த வித்தியாசம் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். அந்த 12 மாதத்தில் சின்னச் சின்னக் கச்சேரிகளாகப் பல பேருக்கு வாசிக்கலாம். ஆனால் எந்தத் தேதி, எங்கே, எவ்வளவு நேரம் என்று ஒன்றுவிடாமல் பட்டியல் வைத்திருக்க வேண்டும். அதற்கு அப்புறமும் தங்க நினைத்தால் கலைஞர்களுக்கான ஓ-1 விசாதான் பலருக்கும் வழி. அதற்கு நிகழ்ச்சி அழைப்பிதழ், விமர்சனம், ஒப்பந்தம், பெரியவர்களின் பரிந்துரைக் கடிதம் என்று ஒரு கட்டு காகிதம் கேட்பார்கள். முதல் வருடத்திலிருந்தே சேர்க்க ஆரம்பியுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இங்கே பெரிய இசைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல். உதவித்தொகை பாதியைக்கூட எட்டவில்லை என்றால் ஊரில் இருக்கும் வீட்டை அடமானம் வைத்து வராதீர்கள். ஜாஸ் வாசித்து அந்தக் கடனை அடைப்பது நடக்காத காரியம். இங்கே பிறந்து வளர்ந்த நல்ல நல்ல வித்வான்களே பாடம் சொல்லிக்கொடுத்தும், கல்யாண வரவேற்புகளில் வாசித்தும்தான் குடும்பம் நடத்துகிறார்கள். முதல் பட்டத்தையே இசையில் வாங்குவதுதான் வழி என்றும் இல்லை. கர்நாடக கிடார் கலைஞர் பிரசன்னா சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டுத்தான் பாஸ்டனில் இருக்கும் பெர்க்லி இசைக் கல்லூரிக்கு வந்தார். ஆல்பனியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். 2013-ல் மெக்கார்தர் ஃபெல்லோஷிப் என்ற பெரிய விருதை வாங்கி, 2014-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனார். நான்கு வருடத்துக்குப் பதில் இரண்டு வருட முதுகலைக்கு வருவதும் நல்ல யோசனைதான்.

சரி, கர்நாடக சங்கீதம் பலமா என்ற கேள்வி. அதைப் படித்ததும் நான் வந்த காலம் அப்படியே நினைவுக்கு வந்துவிட்டது. பாளையங்கோட்டையில் சர்ச் ஆர்கன், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் மேற்கத்திய இசைத் தேர்வுகள், பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் வர்ணம் வரைக்கும் பாடம் என்று வளர்ந்து, தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். யாரையும் தெரியாது. இரவு பத்து மணிக்கு மேல்தான் பயிற்சி அறை காலியாகும், அதற்கு வரிசையில் நிற்க வேண்டும். முதல் வாரமே எல்லோரையும் வாசிக்கச் சொல்லி, யாரை எந்தக் குழுவில் போடுவது என்று பார்ப்பார்கள். என்னை அடிமட்டக் குழுவில் போட்டார்கள். விரல் வேகத்தில் குறை சொல்ல அவர்களால் முடியவில்லை. அடி ஸ்வரங்களைத் தாங்கும் பேஸ் வாத்தியத்தை வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பது என் காதில் விழவே இல்லை, அதுதான் காரணம்.

நம்மிடம் சுருதி நகராது. தம்புரா போட்டுவிட்டால் கச்சேரி முடியும்வரை ஸட்ஜமம் ஒன்றுதான். இங்கே சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தைக் கார்ட் என்பார்கள், ஒவ்வொரு கார்டுக்கும் தரை மாறும். எனக்கு வாய்த்த ஆசிரியர் முதலில் என் பத்து விரலில் எட்டைப் பிடுங்கிக்கொண்டார். எஃப் சுருதியில் ஒரு ப்ளூஸ் பாட்டை எடுத்துக்கொள், கார்டின் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள் மட்டும் போதும் என்றார். முதல் கார்டுக்கு ஏ-யும் ஈ ஃப்ளாட்டும். அடுத்த கார்டு பி ஃப்ளாட்டுக்குப் போகும்போது இரண்டு விரலும் அரை ஸ்வரம் கீழே இறங்கி ஏ ஃப்ளாட்டும் டி-யும். எஃப்பை ஸட்ஜமமாக வைத்து நம் கணக்கில் பாருங்கள்: அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது, கைசிகி நிஷாதம் சதுஸ்ருதி தைவதமாகிறது. இரண்டே விரல், அரை அங்குல நகர்வு, ஆனால் ராகமே மாறிவிட்டது! வாரக்கணக்கில் வேறு எதையும் வாசிக்க விடவில்லை. அந்த நகர்வு காதுக்கு வந்த பிறகுதான் பேஸ் கேட்டது, பேஸ் கேட்ட பிறகுதான் டிரம்ஸில் தாளத்தை ஓட்டும் ரைடு சிம்பல் என்ற தட்டு கேட்டது. கிடாரில் இதை நடுக் கம்பிகள் இரண்டில் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

அதனால் சொல்கிறேன், இங்கே வந்ததும் கோர்வையை அவிழ்க்காதீர்கள். நம் பிள்ளைகள் பலர் மேடை ஏறிய உடனே ஏழும் ஐந்தும் ஒன்பதுமாகக் கணக்கு போட்டு, மூன்று தடவை சொல்லிச் சமத்தில் வந்து விழுவார்கள். கைதட்டல் கிடைக்கும். அதையே ஃப்யூஷன் என்று பெயர் போட்டு நான்கு வருடத்தையும் ஓட்டிவிடுவார்கள். இந்திய மாணவர்கள் நால்வர் சேர்ந்து இந்திய மாணவர் விழாவில் மட்டும் வாசிக்கும் குழுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டாவது, நான்காவது தட்டில் அழுத்தி, ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் ஒரு சாதாரண 32 பார் (தாளச் சுற்று) பாட்டுக்குப் பின்னால் நின்று கார்ட் பிடிக்க அவர்களில் பலருக்கு வராது. இது கறுப்பின அமெரிக்கர்கள் அடிமைத்தனத்தையும் அதற்குப் பிந்தைய கொடுமைகளையும் தாண்டி உருவாக்கிய இசை. அதன் மேல் நம் சரக்கைத் தூவிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. முதலில் அவர்கள் பாட்டை அவர்கள் மாதிரி வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜாஸ் பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷியைப் பற்றிப் படியுங்கள். 1956-ல் ஜப்பானிலிருந்து உதவித்தொகையில் பெர்க்லிக்கு வந்தவர். ஒரு ஜப்பானியப் பெண் ஜாஸ் பியானோ வாசிக்கிறாள் என்பதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்தான் ஆரம்பத்தில் அதிகம். அவர் அதை வைத்துப் பிழைக்கவில்லை. ஆண்டாண்டாக பீபாப் என்ற ஜாஸ் பாணியை வாசித்தார். 1974-ல் பிக் பேண்ட் எனும் தன் பெரிய ஜாஸ் குழுவோடு 'கோகுன்' இசைத்தட்டைப் பதிவு செய்தபோதுதான் ஜப்பானிய நோ நாடகத்தின் மத்தள ஒலியை உள்ளே கொண்டுவந்தார். வந்து 18 வருடம் கழித்து! அந்த ஒலி அங்கே ஒட்டுப்போட்ட மாதிரி இல்லை, கூடவே பிறந்த மாதிரி இருக்கிறது.

கர்நாடக சங்கீதம் உங்களுக்கு உண்மையில் தந்திருப்பது கேள்வி ஞானம். பாடம் நோட்டில் இல்லாமல் காதில் ஏறும் பழக்கம். இங்கே அதுதான் தங்கம். எழுபதுகளின் நடுவில் பெர்க்லி வட்டாரத்து மாணவர்கள் ஜாஸ் பாட்டுகளைக் கையால் எழுதி 'ரியல் புக்' என்று திருட்டுத்தனமாக விற்றார்கள். 2004-ல்தான் அது சட்டப்படி அச்சானது. இன்றைக்கு எல்லோர் ஐபேடிலும் இருக்கிறது, எல்லோரும் அதைப் பார்த்தே வாசிக்கிறார்கள். நீங்கள் அதைத் திறக்காதீர்கள். சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்கின் ஒரு சோலோவை (தனி வாசிப்பை) எடுத்து, முதலில் வாயால் பாடுங்கள், மூச்சு வாங்கும் இடம் உள்பட. அப்புறம் கிடாரில் தேடுங்கள். வாத்தியார் பாட நாம் திருப்பிப் பாடிய அதே வழிதான். இந்த விஷயத்தில் நம் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

மாசசூசெட்ஸ் அவென்யூவில் சிம்பனி ஹாலைத் தாண்டி நடந்தால் வாலீஸ் கஃபே வரும். பார்படோஸிலிருந்து குடியேறிய ஜோசப் வால்காட் 1947-ல் ஆரம்பித்தது. நியூ இங்கிலாந்திலேயே கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக நடத்திய முதல் இரவு விடுதி என்பார்கள். ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கிய இடம். டிராம்போன் வாசிப்பவர் ஸ்லைடை நீட்டினால் முன்வரிசையில் இருப்பவர் தலையை நகர்த்திக்கொள்ள வேண்டும். மாணவர்கள் பல தலைமுறையாக அங்கே ஏறி வாசித்துக் கற்றிருக்கிறார்கள். 21 ஆனதும் போங்கள். ஏறுவதற்கு முன்னால் சில மாதம் சும்மா உட்கார்ந்து கேளுங்கள்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புறநகரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அன்பானவர்கள். பொங்கலுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, டப்பாவில் கட்டியும் கொடுப்பார்கள். பசித்த நாட்களில் அந்தப் புளியோதரை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதே வாயால் "கம்ப்யூட்டர் படித்திருக்கலாமே, இதை ஹாபியாக வைத்துக்கொள்ளலாமே" என்று உங்கள் அம்மாவிடமும் போனில் சொல்வார்கள். விழாவுக்கு சினிமாப் பாட்டு வாசிக்கக் கூப்பிட்டு சால்வை போடுவார்கள். போங்கள், சந்தோஷமாக வாசியுங்கள். வார இறுதியெல்லாம் அங்கேயே கழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். நான் பிடிவாதமாக இந்த ஊர் வித்வான்களோடு சுற்றினேன். அவர்கள் பெட்டியைத் தூக்கினேன், பனி கொட்டிய இரவுகளில் வேனைத் தோண்டி எடுத்தேன். இன்றைக்கு எனக்கு வரும் அழைப்புகளில் பாதி அந்த நட்பில் வந்தவை.

கம்போசிஷன் என்றீர்களே, அதற்கும் இதேதான். பெரிய ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டன் தாளில் வாத்தியத்தின் பெயருக்குப் பதில் வாசிப்பவரின் பெயரையே எழுதி வைப்பார். யாருடைய ஒலி எப்படி என்று தெரிந்து எழுதியவர் அவர். பிக் பேண்ட் என்றால் ஐந்து சாக்ஸபோன், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், அப்புறம் பியானோ, கிடார், பேஸ், டிரம்ஸ். முதல் முறை நான் எழுதியதை வாசிக்கக் கொடுத்தபோது டிரம்பெட் வரிசையிலிருந்த ஒரு பெண் பாட்டு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, தன் உதட்டில் பதிந்திருந்த சிவப்பு வளையத்தைக் காட்டினாள். மேல் ஸ்தாயியில் ஓய்வே கொடுக்காமல் எழுதினால் உதடு என்ன ஆகும் என்பதைக் கணினியில் கேட்டு யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. அவளிடமே உட்கார்ந்து எங்கே மூச்சு வேண்டும் என்று பென்சிலால் குறித்து வாங்கினேன். அடுத்த வாரம் அதே பாட்டு வேறு மாதிரி கேட்டது.

வாசிப்பவர்களுக்குக் கொடுக்கும் தாள்களைக் கெட்டிக் காகிதத்தில் அச்செடுங்கள், பக்கம் புரட்டும் இடத்தில் ஓய்வு வருகிற மாதிரி பிரியுங்கள், ஒவ்வொரு ஒத்திகையையும் பதிவு செய்யுங்கள். விண்ணப்பம், போட்டி, உதவித்தொகை எதற்குப் போனாலும் முதலில் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் தம்பி. விசா காகிதங்களைப் பற்றியென்றால் இன்றைக்கே எழுதுங்கள்.